ஆற்றுப்படையும் எழுத்துவழி இணைய விளையாட்டும்: பார்வையற்ற தமிழ் மாணவரை முன்வைத்து ஒரு திறனாய்வு

பார்வையற்றோர் ஆடும் கணினி விளையாட்டு என்றவுடன், அவர்கள்பொருட்டு யாரோ இரங்கி உருவாக்கித் தந்த ஒன்று என எண்ணுவது இயல்பு. எழுத்துவழிப் பல்லோர் இணைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. கணினித் திரை படம் காட்டும் ஆற்றலைப் பெரிதும் பெறாதிருந்த காலத்தில், பார்வையுடைய மாணவர்கள் தமக்கென எழுதிக்கொண்டவை இவை. படம் வந்தது, எழுதியவருள்ளும் ஆடியவருள்ளும் பெரும்பாலோர் அதன்பின் சென்றனர். பார்வையற்றோர் எழுத்துலகிலேயே தங்கினர். எனவே இவற்றைச் சலுகைப் பொருளாகக் காணாமல் மொழியால் மட்டுமே கட்டப்பெற்ற உலகங்களாகக் கண்டு, மொழிக்குரிய அளவுகோலால் மதிப்பிடுவதே முறை என நாம் கருதுகிறோம். அவ்வாறு மதிப்பிடுங்கால் தமிழாசிரியர் கவனிக்கவேண்டிய செய்திகள் பல வெளிப்படுகின்றன.

படம் வருமுன்

அமெரிக்கரான வில் கிரௌதர் 1970களின் நடுவில் எழுதி, டான் உட்சு 1977இல் விரித்தமைத்த குகைப் பயண விளையாட்டு இவ்வகைக்கு முன்னோடி. கணினி ஓர் இடத்தை உரைநடையில் வருணிக்கும். ஆடுபவர் இரண்டு சொற்களில் கட்டளை தட்டுவார். கணினி அடுத்த இடத்தை வருணிக்கும். அதில் ஆடுபவர் தனியர். இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ராய் டிரப்ஷா 1978இல் பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய உலகொன்றை எழுதத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். அதற்கிட்ட ‘மட்’ என்னும் பெயரே பின்னர் இவ்வகை முழுமைக்கும் ஆயிற்று. கோப்பன்கேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1991இல் வெளியிட்ட டிக்குமட், பேவல் கர்ட்டிசு 1990இல் தொடங்கிய லாம்டாமூ, அதே காலத்தில் டெர்ரி பிராட்செட்டின் நாவல்களைத் தழுவி எழுந்த டிசுக்வேர்ல்டு ஆகியவை இதன் கிளைகள். எவர்குவெசுட்டு 1999இலும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டு 2004இலும் வெளிவந்தபின் எழுத்துலகங்கள் பல வெறிச்சோடின. எஞ்சியவற்றுள் ஆல்ட்டர் ஏயான், அக்கேயா போன்றவை பார்வையற்ற ஆட்டக்காரரைத் தம் முதன்மைக் குடிகளுள் ஒருவராக ஏற்றுக்கொண்டு அவர்க்கென அமைப்புகளும் செய்துள்ளன.

தொடங்குவோர்க்கு வேண்டுவன சிலவே. திரையில் உள்ள எழுத்தை ஒலியாக்கும் திரைவாசிப்பான் ஒன்று வேண்டும். ஆசுதிரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ விலையின்றிக் கிடைக்கிறது. விளையாட்டு வழங்கியோடு இணைக்கும் மென்பொருளாக மஷ்கிளையண்டு, மட்லெட் போன்றவற்றுள் ஒன்று போதும். வழங்கியின் முகவரியையும் வாயில் எண்ணையும் தட்டியதும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அதன்பின் புதியவர்க்கென அமைந்த பயிற்சியிடத்தில் கதைமாந்தர் கண்விழிப்பார். முதல் நாளில் ஆடுபவர் கற்கவேண்டியது போர்முறையன்று, செவியை ஆளும் முறை. வந்து குவியும் வரிகளை எங்கே நிறுத்துவது, எதனை மீளக் கேட்பது, எவ்வகை வரிகளை ஒலிக்காமலே ஒதுக்குவது, எந்த வரிக்குப் பதிலாக ஒரு மணியோசையை அமைப்பது என்பனவே அந்தப் பாடம். சண்டை நடக்கையில் சில நொடிகளில் பல வரிகள் வரும். ஒருபுறம் தோழர் பேசுவர். மறுபுறம் உடல்நலக் கணக்கு மாறும். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நிகழ்த்திய சதாவதானத்தைப் போற்றும் மரபினராகிய நமக்கு, பல செய்திகளை ஒரே நேரத்தில் செவியால் ஏற்று நினைவில் நிறுத்தும் கலை புதிதன்று. இன்று அதனைப் பதின்பருவத்துப் பார்வையற்ற ஆட்டக்காரர் நாள்தோறும் பயில்கின்றனர் என்பதையே நாம் அறியாதிருந்தோம்.

ஜொகூர் மாணவர் நிலை

மலேசியாவில் பார்வையற்றோர் கல்வி வரலாறு ஜொகூரை விலக்கி எழுதத்தக்கதன்று. 1926இல் தொடங்கிய புனித நிக்கலசு இல்லம் பினாங்கைச் சார்ந்தது. 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் உள்ளது. இவற்றுக்கு இடைப்பட்ட 1948இல் ஜொகூர் பாருவில் தோன்றியது இளவரசி எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி. தங்கிப் பயிலும் தொடக்கப்பள்ளியாகிய அதில் பல மாநிலத்துப் பிள்ளைகள் பயின்றுள்ளனர். இன்று அது தேசியச் சிறப்புக் கல்விப் பள்ளி, மலாய்மொழியே பயிற்றுமொழி. தோட்டப்புறத்திலோ நகரத்திலோ பிறந்த பார்வையற்ற தமிழ்ப்பிள்ளை ஒன்று அங்குச் சேரும்போது மலாயையும் ஆங்கிலத்தையும் பிரெயில் புள்ளிகளால் விரலறியக் கற்கும். தமிழோ பெரும்பாலும் வீட்டுப் பேச்சாகவும் கோயில் ஒலிபெருக்கியாகவும் வானொலியாகவும் செவிக்கு மட்டுமே எட்டும். செவிக்கு எட்டும் தமிழ் எழுத்துக்கு எட்டுவதில்லை. லகர ளகர ழகரங்களும் னகர ணகரங்களும் பேச்சில் மயங்கிக் கிடக்க, எழுத்துக்கூட்டல் தெரியாத தமிழராக அப்பிள்ளை வளரும் அச்சம் உண்டு. இதுவே இக்கட்டுரையின் கவலை.

எழுத்துவழி விளையாட்டு இவ்விடத்தில்தான் பொருட்படுத்தத்தக்கதாகிறது. அது கேட்பதோடு அமையாது, தட்டெழுதவும் வேண்டும் என வற்புறுத்துகிறது. ‘பள்ளம்’ என்று தட்டவேண்டிய இடத்தில் ‘பல்லம்’ என்று தட்டினால் உலகம் அசையாது. ஆசிரியரின் சிவப்பு மையைக் காணவியலாத மாணவர்க்கு, பிழையின் விளைவை உடனுக்குடன் உணர்த்தும் இத்தகைய கருவி வேறு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் பரவலாக ஆடப்படும் மட் எதுவும் தமிழில் இல்லை. ஜொகூர் மாணவர் இன்று ஆட வேண்டுமாயின் ஆங்கிலத்தில்தான் ஆட வேண்டும். ஆடுவதால் அவர் ஆங்கிலம் வளரும். அதில் நமக்கு மனக்குறை இல்லை. தமிழுக்கு அந்த வாயில் ஏன் அடைபட்டிருக்க வேண்டும் என்பதே வினா.

‘பழந்தமிழில் இதற்கு என்ன இருக்கிறது’ என்று தேடி, எதையாவது கண்டெடுத்து மகிழும் போக்கு நம் ஆய்விதழ்களில் மிகுதி. அதனை நாம் பொதுவாக ஏற்பதில்லை. எனினும் ஒரு நூலை மட்டும் ஈண்டு விலக்கவியலவில்லை.

மலையின் ஓசை

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்வோர் பெறாதாரை முன்னிலைப்படுத்தி வழிகாட்டுவது அவற்றின் பொதுவமைப்பு. நக்கீரர் பாடிய முருகாற்றுப்படை இறையருளை நாடினும் முன்னிலை விளி அதற்கும் உரியதே. இவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்பெறும் மலைபடுகடாம் தனித்தன்மை வாய்ந்தது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய 583 அடிகளுள் நெடும்பகுதி வழியைப் பற்றியது. இன்ன இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இன்ன இடத்தில் பாம்பு ஒடுங்கியிருக்கும், புனங்காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் படலாம், இரவில் குகையில் தங்குங்கள் என அறிவுறுத்திச் செல்கிறது அப்பாட்டு. கவர்த்த வழிகளில் பின்வருவோர் வழிதப்பாதபடி புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் கூறுகிறது. கிரௌதரின் குகையில் ஒன்றுபோலவே தோன்றும் வழிகள் பின்னிய ஒரு பகுதி உண்டு. அங்குச் சிக்கியவர், கையிலுள்ள பொருள்களை இடத்துக்கொன்றாக இட்டுவைத்து வந்த வழியை அறிந்துகொள்வர். புல்முடிச்சும் அதுவும் ஒரே அறிவின் இருவேறு வெளிப்பாடுகள். வரைபடத்தைக் காணவியலாதவர்க்கு இன்றும் இதுவே தலையாய உத்தி.

இதனினும் சிறந்தது அந்நூலின் ஓசைத் தொகுதி. அருவியாடும் மகளிர் எழுப்பும் ஒலி, புலியால் புண்பட்ட கொழுநரைக் காக்க மனைவியர் பாடும் பாட்டு, வேங்கைப்பூப் பறிக்கும் மகளிரின் புலிப்பூசல், மலைப்பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் அலறல், யானைக்குக் கலவைமொழியில் பயிற்சி தரும் பாகர் குரல், கிளி கடியும் தட்டை, கரும்பு பிழியும் ஆலை, தினை குற்றுவோரின் வள்ளைப்பாட்டு, பன்றி ஓட்டும் பறை என அது நெடிது செல்கிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதநீராகவும் உருவகித்ததனாலேயே நூலும் அப்பெயர் பெற்றது. ஓர் இடத்தைச் செவியால் அறிவது எங்ஙனம் என்பதை இதற்கு மேல் விரித்துக் காட்டிய பாட்டு நம்மிடம் இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய ஆங்கில மட் விளையாட்டுகளின் இடவருணனைகளை நோக்கினால், அவற்றுட் பெரும்பாலானவை கண்ணுக்கே எழுதப்பட்டவை என்பது தெளிவு. வானத்தின் நிறம், சுவரின் பாசி, தொலைவில் தெரியும் கோபுரம் என்பன நிரம்பிக் கிடக்கும். ஓசையும் மணமும் காலடியின் உணர்வும் அருகியே வரும். கோடுகளாலும் புள்ளிகளாலும் வரைந்த எழுத்தோவிய வரைபடங்கள் இதனினும் கொடியன. திரைவாசிப்பான் அவற்றை ‘கோடு கோடு உடுக்குறி கோடு’ என்று அடுக்கிக்கொண்டே போகும். அக்கேயா முதலியவற்றில் இவற்றை நிறுத்திவைக்கும் அமைப்பு உண்டு என்பது பாராட்டுக்குரியது. ஆயின், கண்ணுக்கான உரைநடையை நிறுத்திவைக்க ஓர் அமைப்பும் இல்லை. பழகிய ஆட்டக்காரர் வருணனையைச் சுருக்கும் கட்டளையை இட்டு இடத்தின் பெயரை மட்டும் கேட்டுச் செல்கின்றனர். அதற்கு விரைவு மட்டுமே காரணமன்று, அவ்வருணனை அவர்களுக்கு எதையும் தருவதில்லை என்பதும் காரணமே.

ஒரு சோதனையை எண்ணிப் பார்க்கலாம். ஜொகூர் பாருவின் இராஜகாளியம்மன் கோயில் உட்புறம் முழுவதும் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பெற்றது. கண்ணாடிக் கோயில் என்றே அதற்குப் பெயர். அதனை ஒரு விளையாட்டின் இடமாக எழுதுமாறு மாணவரைப் பணித்தால் முதலில் வருவது ‘மின்னுகிறது’, ‘பளபளக்கிறது’ என்பனவாகவே இருக்கும். அவ்விரு சொற்களையும் விலக்கிவிட்டு எழுதச் சொன்னால் என்ன எஞ்சும்? வெறுங்காலுக்குத் தரையின் தண்மை, மணியோசை கடினமான சுவரில் பட்டு மீளும் கூர்மை, கற்பூர மணம், கோயிலை ஒட்டிய இருப்புப்பாதையில் இரயில் செல்லும்போது மந்திரத்தினூடே எழும் அதிர்வு. இவை கண்ணுடையாரும் உணர்வனவே, எழுதாது விட்டவை. பார்வையற்ற வாசகரை முன்னிறுத்துவதால் வருணனை குறைபடுவதில்லை, கூடுகிறது.

கட்டளையின் இலக்கணம்

தமிழில் இத்தகைய உலகொன்றைக் கட்ட முனைந்தால் முதலில் எதிர்ப்படுவது கட்டளை. ஆங்கிலத்தில் வினை முன்னும் பெயர் பின்னும் வரும், பெயர் உருபேற்பதில்லை. பழைய குகை விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நோக்கி வேலையை முடித்துக்கொண்டது. தமிழில் ‘விளக்கை எடு’ என்பதே இயல்பு. ‘எடு விளக்கு’ என்று எழுதச் சொல்வது பிள்ளைக்குப் பிழையைக் கற்பிப்பதாகும். உருபைப் பிரித்தறிய வேண்டுமெனில் ‘மரத்தை’ என்பதில் அத்துச்சாரியையையும், ‘வீட்டை’, ‘ஆற்றை’ என்பவற்றில் ஒற்று இரட்டித்தலையும் நிரல் அறிந்திருக்க வேண்டும். முதல் எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் உத்தி ‘மரம்’ என்பதில் ஓரளவு உதவும். ‘வீடு’ என்பதில் முதலெழுத்தோடு நின்றுவிடும். குற்றியலுகரப் புணர்ச்சியை வகுப்பில் தேர்வுக்காக மட்டுமே கற்பிப்பதாக ஆசிரியர் சலித்துக்கொள்வதுண்டு. இங்கே அவ்விதி இல்லாமல் கதவு திறவாது.

எழுத்துகளின் வைப்புமுறையில் பார்வையற்றோர்க்கு ஒரு நன்மை உண்டு. ‘கெ’ என்னும் உயிர்மெய்யில் கண்ணுக்குக் கொம்பு முன்னே தோன்றும். பிரெயில் முறையிலும் ஒருங்குறியிலும் 1999இல் தரப்படுத்தப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையிலும் மெய் முன்னும் உயிர் பின்னுமாகவே வரும். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் அமையும் என்னும் தொல்காப்பிய முறையும் அதுவே. கொம்பை முதலில் எழுதிப் பழகிய கைதான் இங்குத் தடுமாறும். அவ்வாறு பழகாத விரலுக்குத் தடுமாற்றம் இல்லை. பழைய வழங்கிகள் ஆங்கில எழுத்தையே எண்ணி எழுதப்பெற்றவை. ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடங்கொள்ளும் என்பதை அறியாமல் வரியை இடையில் முறித்துவிடும். முறிந்த எழுத்தைத் திரைவாசிப்பான் உளறும். நிரலாளர் திருத்திக்கொள்ளக்கூடிய சிக்கல்தான் இது.

திசைகளில் ஒரு சுவையான இடர் உள்ளது. ஆங்கில ஆட்டக்காரர் திசைப்பெயரின் முதலெழுத்தை மட்டும் தட்டி நடப்பர். தமிழிலும் வ, தெ, கி, மே என நான்கும் வேறுபட்டு நிற்பது வாய்ப்பே. ஆனால் மேலே, கீழே என்பன வந்ததும் மேற்கோடு மேலும் கிழக்கோடு கீழும் மோதுகின்றன. மோதாமல் என்ன செய்யும்? மேல், கீழ் என்பவற்றிலிருந்தே அத்திசைப்பெயர்கள் பிறந்தன. மேற்கே மலை உயர்ந்தும் கிழக்கே நிலம் தாழ்ந்தும் கிடக்கும் தமிழகத்தின் நிலக்கிடப்பு அச்சொற்களில் உறைந்துள்ளது. மூவாரிலும் பத்து பகாட்டிலும் மேற்கே சென்றால் கடல்தான். ஜொகூர்ப் பிள்ளைக்கு அந்த நிலக்கிடப்புச் சொல்லளவில் மட்டுமே சொந்தம். செவியாலும் ‘கி’, ‘கீ’ என்பவற்றின் மாத்திரை வேறுபாட்டை விரைந்தொலிக்கும் செயற்கைக் குரலில் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே மேலே, கீழே என்பவற்றைக் கைவிட்டு ‘ஏறு’, ‘இறங்கு’ என வினையாக அமைப்பதே தக்கது என்பது நம் கருத்து.

இதனினும் அரியது இடமும் பாலும் பற்றியது. டிக்குமட் வழிவந்த விளையாட்டுகளில் ஒருவர் சிரித்தால் கணினி மூன்று வாக்கியங்களை அனுப்பும். சிரித்தவருக்கு ஒன்று, யாரை நோக்கிச் சிரித்தாரோ அவருக்கு ஒன்று, உடனிருந்தோர்க்கு ஒன்று. சிரித்தவருக்குச் செல்லும் தொடரை ‘நீ’ என்று தொடங்குவதா, ‘நீங்கள்’ என்று தொடங்குவதா? கதைக்குள் ‘நீ’ அணுக்கம் தரும். அறுபது வயதுடையவர் ஆடும்போது அது பொருந்தாது. ஆற்றுப்படைப் புலவர் கூத்தர் குழுவை நோக்கிப் பன்மை ஏவலாகவே பேசுகிறார் என்பது இங்கு வழிகாட்டும். குழுவாக ஆடுகையில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்பவற்றின் வேறுபாட்டையும் கணினி அறிய வேண்டும். கேட்பவர் உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதை ஆங்கிலம் சொல்வதில்லை. தமிழ் சொல்லாமல் இருக்கவியலாது.

இருட்டறைக்குள் ஒன்று நுழைகிறது. ஆங்கிலத்தில் பால் காட்டாத தொடர் ஒன்றால் நிரலாளர் கடந்துவிடுவார். தமிழில் வினைமுற்று திணையையும் பாலையும் காட்டியாக வேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதனை முன்பே எண்ணியுள்ளார். பால் ஐயம் தோன்றின் பன்மையால் கூறுதலும், திணை ஐயம் தோன்றின் ‘உரு’ போன்ற பொதுச்சொல்லால் கூறுதலும் அவர் வகுத்த நெறி. தொலைவில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று ஐயுறுவோனை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். நிரலாளர்க்கு இது பொன்னான விதி. எனினும் ‘உரு’ என்பதும் கண்ணின் சொல்லே. கண்ணால் ஐயுறாமல் செவியால் ஐயுறுவோர்க்கு எப்பொதுச்சொல்லைத் தருவது? ‘அரவம்’ என்று கொள்ளலாம். அது ஓசையையும் பாம்பையும் ஒருங்கே குறிப்பதால், இருட்டறையில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

எழுதுவோர்

லாம்டாமூவில் ஆடுபவரே புதிய இடங்களைக் கட்டி எழுதலாம். நம் பள்ளிகளுக்கு ஏற்றது அவ்வமைப்பே. முழுமையான தமிழ் உலகொன்றை நிறுவுமுன், பத்துப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட சிறு வழி ஒன்றை மாணவரைக் கொண்டு எழுதுவிக்கலாம். தங்காக்கிலிருந்து 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலைக்கு ஏறும் வழி அதற்கு நல்ல களம். இடையில் இரப்பர்த் தோட்டமொன்று வரட்டும். வெயில் காலத்தில் இரப்பர்க் காய் வெடிக்கும் ஓசையைத் தோட்டத்தில் வளர்ந்தோர் மறப்பதில்லை. பார்வையுடைய மாணவர் ஒருவரும் பார்வையற்ற மாணவர் ஒருவரும் இணைந்து எழுதுதல் வேண்டும். இவ்விணைக்கும் முன்னோடிகள் உளர். முடவரைக் குருடர் தோளில் சுமந்து செல்ல, ஒருவர் தொடங்கிய செய்யுளை மற்றவர் முடித்த இரட்டையர் நமக்குத் தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் தந்தனர். அந்தகக்கவி வீரராகவ முதலியார்க்கு முதுகில் எழுதிக்காட்டி எழுத்தறிவித்தனர் என்பர். அம்மையால் மூன்றாம் வயதில் பார்வை இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் சேதுபதி அவையில் சிறந்தவர். இவர்களைக் குறையை வென்றோர் எனப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நமக்குண்டு. கேட்டே யாப்பையும் எழுத்தையும் அவர்கள் கைக்கொண்டது எங்ஙனம் என்ற ஆய்வு அப்புகழுரையைவிடப் பயன் தரும்.

லேடாங் வழியின் முதல் இடத்தை எழுதியதும் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பான் ஒலிக்க இருவரும் கேட்க வேண்டும். தமிழில் வினை இறுதியில் நிற்பதால், பாம்பு கிடக்கிறது என்னும் செய்தி நான்கு அடைகளுக்குப் பின்னரே செவியை எட்டும்; அதற்குள் ஆட்டக்காரர் அடுத்த அடி எடுத்து வைத்திருப்பார். அவ்விடத்தில் அடைகளைக் களைந்து பாம்பை முன்னே கொணர்வது எப்படி என்பதை இருவருமாகப் பேசி முடிவு செய்யட்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் போதும்.